திமிங்கிலப் பல்

பரிசு பெற்ற என் கதையை சுவா வானொலியில் வாசித்த மறுநாள், அப்பா சுவரில் தொங்கிய திமிங்கிலப் பல்லைக் கழற்றினார். எங்கள் ஊரில் பெரிய தவறுக்கு மன்னிப்புக் கேட்கிறவர்கள் அதைத்தான் கொண்டுபோய் வைப்பார்கள்.

“சவேனாதா வீட்டுக்காப்பா? வேண்டாம்ப்பா,” என்றேன்.

பக்கத்து வீட்டு சவேனாதா மனைவியை அடிப்பதைத்தான் பெயர் மாற்றி எழுதியிருந்தேன். காயங்களுக்கு அவள் சொல்லும் பொய்கள்கூட அதில் இருந்தன. அப்பா மன்னிப்புக் கேட்டால் எல்லாம் பொய்யென்று ஆகிவிடும். அதன்பின் நான் எழுதுவதை யார் நம்புவார்கள்?

“நான் எழுதினது நிஜம்ப்பா.”

“பேசாம வா. அம்மாவையும் கூப்பிடு.”

அப்பா சவேனாதா வீட்டைத் தாண்டி நடந்தார். அம்மாவின் அண்ணன் நெமானி மாமா வீட்டில்தான் நின்றார்.

“அடடே, பரிசுக்காரி! இனி நாங்களெல்லாம் உன் கண்ணுக்குத் தெரிவோமா?” என்று மாமா சிரித்தார். “யாருடா உள்ளே, குடிக்கக் கவா கரைங்க!”

அப்பா தரையில் அமர்ந்து இரு கைகளாலும் பல்லை நீட்டினார். சிரிப்பு நின்றது.

“மச்சான், உங்க தங்கச்சி மேல இனி கை வைக்க மாட்டேன். என் பொண்ணு என்னைப் பத்தி எழுதினதை ரேடியோவுல கேட்டுட்டேன்.”

மாமா பல்லை வாங்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“சொந்த வீட்டை எழுத உனக்கு எவ்வளவு தைரியம்மா!”

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்குத் தெரியாதுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்.”

அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது என்று என்னால் சொல்ல முடியவில்லை.