அமுதினியின் சுவர்

கைபேசிச் செயலிகளின் திரையில் பொத்தான்களை அடுக்குவது என் வேலை. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவை விரிந்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். எங்கள் பெரும்பாக்கம் வீட்டுச் சுவர்களும் அப்படித்தான் நகரும்.

மகள் அமுதினியை ஐசியூவில் சேர்த்த மறுநாளே அவள் அறை சுருங்கத் தொடங்கியது. கூடம் பெரிதானது. குடியிருப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

“ஆள் இல்லாத ரூமுக்கு இடம் வைக்க முடியாது சார்.”

“என் பொண்ணு வந்துடுவா சார்.”

“வந்தா தானா விரிஞ்சுக்கும். கவலைப்படாதீங்க.”

என் மனைவி வளர்மதி அதற்குக் காத்திருக்கவில்லை. மகளின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். சுவர் நின்றது. அன்றிலிருந்து ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் இன்னொருவர் அந்தக் கட்டிலில் இருப்போம். சாப்பாடும் அங்கேதான்.

இன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். “ரெண்டு பேரும் உடனே கிளம்பி வாங்க.”

“நீங்க போங்க” என்றாள் வளர்மதி.

“ரெண்டு பேரையும் வரச் சொல்றாங்கம்மா.”

கையைப் பிடித்து எழுப்பி வாசலுக்கு அழைத்து வந்தேன். கதவைப் பூட்டும்போது உள்ளே சுவர் நகரும் சத்தம் கேட்டது.

அவள் சாவியைப் பிடுங்கிக் கதவைத் திறந்து, காலில் செருப்போடு உள்ளே ஓடினாள்.