பந்தயத் துணை

ஆபீஸ் விட்டு வந்ததும் ஆனந்த்சங்கர் கம்ப்யூட்டரில் ஸ்டீயரிங் மாட்டிக் கார் பந்தயம் ஓட்ட உட்கார்ந்துவிடுவான். ஹெட்போனில் யாருடனோ ஒரே சிரிப்பு.

“நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வாரேன்.”

அவன் மனைவி இசக்கிச்செல்விக்கு வயிறு எரிந்தது. தன்னிடம் இப்படிச் சிரித்துப் பேசி எத்தனை நாளாயிற்று.

“யாரு அவ?”

“கூட விளையாடுத ஆளு,” என்று மழுப்பினான்.

ஹெட்போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள்.

“ஏன் மாப்ள, காரை நிறுத்திட்டீரு?”

காதல் கல்யாணம் செய்ததிலிருந்து அவளிடம் பேசாத அப்பாவின் குரல்.

“அப்பா...” என்றாள். உடனே இணைப்பு அறுந்தது.

“உன் தம்பிதான் எங்க ரெண்டு பேரையும் இந்த விளையாட்டுல சேத்துவிட்டான். உன்னைப் பத்தி மட்டும் பேசக் கூடாதுன்னுட்டாரு,” என்றான் அவன்.

இப்போது அவளுக்குப் புருஷன் மேலேயே பொறாமை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

“எனக்கும் ஓட்டச் சொல்லித் தாங்க. நாளைக்கு அப்பா கூட நான் ஓட்டுதேன்.”