எட்டடித் தடம்

ஜேசிபி சத்தம் கேட்டு அவன் வெளியே வந்தான்.

தடத்தை மறித்து நின்ற கல்லுக்கால்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து விழுந்தன.

நட்டவரே பக்கத்தில் நின்று பிடுங்க வைத்துக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து மாமா. முன்காட்டுக்காரர். அவர் காட்டைத் தாண்டினால்தான் அவன் வீடு. வேறு வழி கிடையாது.

மகள் பிறந்த வருசம் தடம் கேட்டு அவன் போட்ட வழக்கு. மகள் இப்போது பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள் மிதிக்கிறாள். கல்லுக்கால் சந்தில் சைக்கிளைத் தூக்கிக் கொடுப்பது அவன் வேலை.

நேற்றுத்தான் தீர்ப்பு. எட்டடி விடவேண்டும்.

மேல்முறையீட்டுக்குப் போவார் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அரிவாளோடு வருவார் என்று மனைவி சொல்லியிருந்தாள்.

சிரித்துக்கொண்டு வருவார் என்று யாரும் சொல்லவில்லை.

எட்டடி தாண்டியது. ஜேசிபி நிற்கவில்லை.

ஓரத்துத் தென்னை சாய்ந்தது. மாமா வைத்த தென்னை. குலை தள்ளியிருந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மாமா, எட்டடி போதுமுங்க."

"எட்டடியில ஆம்புலன்ஸ் திரும்பாது மாப்ள."

அவன் வீட்டில் யாருக்கும் சளிகூட இல்லை.

மனைவி டீ கொண்டுவந்தாள். இத்தனை வருசத்தில் முதல் டீ. மாமா ஆற்றி ஆற்றிக் குடித்தார். சர்க்கரை அளவாக இருக்கிறதென்றார். தம்ளரை அவரே கழுவிக் கவிழ்த்தார்.

"பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரந்தான?"

"ஆமாங்க. இனி வாசல் வரைக்கும் மிதிச்சுட்டே வந்துரும்." மனைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"வரட்டும், வரட்டும். தடம் நல்லா அமைஞ்சுபோச்சு. வண்டிக இனி வேகமா வரும்."

ஜேசிபி போய்விட்டது.

மாமாவின் டிராக்டர் மட்டும் தடத்தைப் பார்த்தபடி அவர் காட்டோரம் நின்றது. ஆளில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் கடப்பாரையை எடுத்தான்.

முதல் கல்லுக்காலைப் புரட்டி, பழைய குழியில் இறக்கினான். மண்ணைத் தள்ளி மிதித்தான்.

"ஏனுங்க, புத்தி கெட்டுப்போச்சா?" மனைவி கையைப் பிடித்து இழுத்தாள்.

தூரத்தில் சைக்கிள் மணி கேட்டது.

இரண்டாவது கல் நல்ல கனம். ஒற்றை ஆளுக்கு அசையவில்லை.

மறுமுனையை மாமா சிரித்துக்கொண்டே பிடித்துக்கொடுத்தார்.