இருபத்து மூன்றாவது வாபஸ்

"அக்கா, வாபஸ் அம்மா வர்றாங்க!"

ஜன்னல் ஓரத்து டைப்பிஸ்ட் கிசுகிசுத்தாள். ஆபீஸில் அவளுக்கு ரேடியோ என்று பேர். காதில் விழுந்ததை மதியத்துக்குள் மூணு மாடிக்கும் ஒலிபரப்பிவிடுவாள்.

கிளார்க் நிமிர்ந்தாள். வாபஸ் அம்மா என்று அந்த உறுப்பினருக்குப் பேர் வைத்த புண்ணியவதி இவள்தான்.

வைக்காமல் என்ன செய்வாள்? நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் அமைச்சர்களிடம் கேட்கப்போகும் கேள்விகளை வாங்கி எண் போடுவது இவள் வேலை. இந்த அம்மா மூணு வருஷத்தில் இருபத்திரண்டு கேள்வி கொடுத்தார். எல்லாம் 'நீதி, மாணவர் நலன்' தலைப்பில். கேள்வி அமைச்சகத்துக்குப் போகும். அங்கிருந்து சம்பந்தப்பட்ட கல்லூரிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போகும். எல்லாம் தயாராகி, நாளைக்குச் சபையில் கேட்க வேண்டியதுதான் பாக்கி என்கிறபோது அம்மா வந்து நிற்பார். "அந்தக் கேள்வியை வாபஸ் வாங்கிக்கறேன்."

இருபத்திரண்டும் அப்படித்தான்.

'காலேஜ்காரங்க நல்லா கவனிச்சிருப்பாங்க' என்பது ரேடியோ செய்தி. இவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

இன்று சிரிப்பு வரவில்லை.

நாளைக்கு வரவேண்டியது இருபத்து மூன்றாவது கேள்வி. 'விடுதித் தண்ணீர் பற்றிப் புகார் எழுதிய ஏழு மாணவிகளைத் தேர்வெழுத விடாமல் ஒரு கல்லூரி தடுத்திருப்பது அமைச்சருக்குத் தெரியுமா?'

அந்த ஏழில் ஒருத்தி இவள் பெண்.

திங்கட்கிழமை பரீட்சை. ஹால் டிக்கெட் இல்லை. "போய் மன்னிப்புக் கேட்டுத் தொலையேன்" என்று இவள் போனில் கத்தினாள். "தப்பு பண்ணினது நான் இல்லையே" என்று மகள் விடுதியை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறாள். ஆபீஸில் ஈ காக்காய்க்குக்கூட இவள் மூச்சு விடவில்லை. அந்த விஷயம் எப்படிக் கேள்வியாகித் தன் மேஜைக்கே வந்தது என்றும் புரியவில்லை. எண் போடும்முன் இரண்டு தரம் படித்துப் பார்த்தாள். இந்த ஒண்ணையாவது கேட்டுத் தொலைக்க மாட்டாளா இந்தப் பொம்பளை?

உறுப்பினர் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அந்த விடுதிக் கேள்வி இருக்கில்லம்மா?"

"நாளைக்கு முதல் கேள்வியே அதுதான் மேடம்."

"வாபஸ் வாங்கிக்கறேன். ஃபாரம் கொடுங்க."

கிளார்க் ஃபாரத்தை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு தடவை கேட்காததை இன்று கேட்டாள்.

"ஏன் மேடம்?"

டைப் அடிக்கும் சத்தம் சட்டென்று நின்றது. ரேடியோ காதைத் தீட்டிக்கொண்டாள்.

"வேலை முடிஞ்சுதும்மா."

"யாரோட வேலை மேடம்?"

உறுப்பினர் இவளைப் பார்த்தார். ரேடியோவை ஒரு தரம் பார்த்தார். ஃபாரத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"உறுப்பினர்களோட பங்களிப்புப் பட்டியல் சாயங்காலம் அச்சுக்குப் போகுது" என்றாள் கிளார்க், குரலில் காரத்தோடு. "உங்க பேருக்கு நேரா கேட்ட கேள்வி பூஜ்யம்னுதான் வரும். அதைப் பார்த்துத்தான் கட்சியில அடுத்த தடவை சீட்டே கொடுப்பாங்களாமே?"

"அப்படித்தான் சொல்றாங்க. பூஜ்யத்தை நல்லா வட்டமா போடுங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

"பார்த்தீங்களாக்கா? என்ன நெஞ்சழுத்தம்!"

"உன் வேலையைப் பாருடி" என்று எரிந்து விழுந்தாள் கிளார்க். பட்டியலில் அழுத்தி ஒரு பூஜ்யம் போட்டாள். போட்ட வேகத்தில் காகிதம் கிழிந்தது.

டிராயருக்குள் போன் அதிர்ந்தது. அதற்கு முன்னாலேயே நாலு மிஸ்டு கால். எல்லாம் மகள்.

"எத்தனை தடவைம்மா பண்றது? ஹால் டிக்கெட் கொடுத்துட்டாங்க! ஏழு பேருக்கும்!"

"என்னடி சொல்றே? மன்னிப்பு எழுதிக் கொடுத்தியா?"

"நான் ஏன் கொடுக்கணும்? அந்த எம்.பி. மேடத்துக்கு நான்தான் லெட்டர் போட்டிருந்தேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்ததுமே பிரின்சிபால் ஆடிப்போயிட்டார். இன்னிக்குக் காலையில மேடமே வந்துட்டாங்க. 'இவங்களைப் பரீட்சை எழுத விடுங்க, தண்ணியைச் சரி பண்ணுங்க. நான் கேள்வியை எடுத்துடறேன்'னாங்க. எங்க கையில ஹால் டிக்கெட் வர்ற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை."

கிளார்க் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"சபையில கேட்டிருந்தா அவங்களுக்கும் பேர் வந்திருக்குமேடி?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'எனக்குப் பேர் வரும். பதிலோட சேர்ந்து உங்க ஏழு பேர் பேரும் அச்சாகி வரும். புகார் எழுதின பொண்ணுங்கன்னு தெரிஞ்சா அப்புறம் எந்தக் காலேஜ்ல சேர்த்துப்பாங்க?'ன்னாங்க. எப்பவும் இப்படித்தான் பண்ணுவாங்களாம்."

எப்பவும்.

இருபத்திரண்டு வாபஸ் ஃபாரங்கள் கட்டுப் போட்டபடி எதிர் அலமாரியில் இருந்தன. அந்தப் பக்கம் திரும்ப இவளுக்குத் தைரியம் வரவில்லை.

"அம்மா, லைன்ல இருக்கியா? நீ கேள்வி வாங்கற செக்‌ஷன்லதான் வேலை பார்க்கறேன்னு மேடம்கிட்ட சொன்னேன். யாருன்னு புரிஞ்சு சிரிச்சாங்க. உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. எனக்குத்தான் ஒண்ணும் புரியலை."

"என்ன சொன்னாங்க?"

"'வாபஸ் அம்மா விசாரிச்சாங்கன்னு சொல்லு'ன்னாங்க. அது யாரும்மா?"