கரி பூசிய முகங்கள்

யாரிடமும் சொல்லிவிடாதே, ஆன். புது ராஜா ஜார்ஜுக்காக சர்ச் மணி அடித்த வாரம் அது. பிரிஸ்டலில் வளர்ந்த உனக்கு எங்கள் வேல்ஸ் வழக்கம் தெரியாது. மனைவியை அடிக்கிறவனைப் போல வைக்கோல் பொம்மை செய்து, மரக்குதிரைமேல் ஏற்றி, சட்டிகளைத் தட்டியபடி அவன் வீட்டு வாசலுக்கே ஊர்வலம் போவார்கள். யாரென்று தெரியாமலிருக்க எல்லோரும் முகத்தில் கரி பூசிக்கொள்வார்கள். பையனைப் போல அண்ணனின் கோட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக நழுவிப்போய் நானும் பூசிக்கொண்டேன். சட்டியைத் தட்டிக்கொண்டே, "இன்னிக்கு யாருக்குப் பூசை, மாமா?" என்று கொல்லர் ரீஸிடம் கேட்டேன். "போனாத் தெரியும். நீ தட்டுடா பயலே," என்றார். ஊர்வலம் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. தீப்பந்த வெளிச்சத்தில் அப்போதுதான் பார்த்தேன், பொம்மையின் தலையில் அப்பாவுடையதைப் போலவே ஒரு தொப்பி. கதவு திறந்தது. அப்பா வரவில்லை, அம்மா வந்தாள். உதடு வீங்கியிருந்தது. காலையில் என்னிடம் பல்வலி என்றுதான் சொல்லியிருந்தாள். கறுத்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் என்னிடம் வந்ததும் நின்றாள். "சத்தம் போடாதீங்கய்யா. உள்ள எம்பொண்ணு தூங்குறா," என்றாள், என்னையே பார்த்தபடி. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது."