அறிக்கையில் ஒரு சொல்

கண்ணாடி அறைக்குள் காலை வெயில் மேசைவரை வந்து நிற்கிறது. நேற்று தையல் மெஷின்மேலேயே சாய்ந்து உயிர்விட்ட பழனாத்தாளைப் பற்றிய அறிக்கையை, பனியன் கம்பெனியின் ஆபீஸ் பெண் தேவிப்பிரியா ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டிருக்கிறாள். மனைவியின் செருப்பையும் சோற்றுப் போசியையும் வாங்கிப்போக வந்த சின்னான், போசியை மடியில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் திரையையே பார்க்கிறார். “என்னன்னு எழுதியிருக்கீங்க அம்மணி?” “கொலாப்ஸ்னுங்க. திடீர்னு விழுந்துட்டாங்கன்னு அர்த்தமுங்க.” “திடீர்னு இல்லீங்களே. ஆடியிலிருந்தே கொஞ்சங்கொஞ்சமாத் தேஞ்சுட்டு வந்தாளுங்க. அதுக்கு இங்கிலீசுல வார்த்தை இல்லீங்களா?”

“இருக்குதுங்க. டிக்ளைன்.” சொல்லும்போதே அவள் பார்வை கண்ணாடிக்கு அப்பால் தொங்கும் பலகைக்குப் போகிறது. பழனாத்தாளின் பெயருக்கு நேரே, அவள் நாள்தோறும் தைத்த பீஸ்களின் எண்ணிக்கை ஐந்நூறு, நானூற்றிருபது, முந்நூற்றுப்பத்து என்று இறங்கிக்கொண்டே போகிறது. எல்லாம் தேவிப்பிரியா தன் கையால் எழுதியவை. அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுகிறாள். “அப்படிப் போட்டா, யாரு பார்த்தாங்க, ஏன் சும்மா இருந்தாங்கன்னு கேப்பாங்களுங்க.” சின்னான் போசியின் மூடியை அழுத்தி மூடுகிறார். உள்ளே நேற்றைய சோறு அப்படியே இருக்கிறது. “நான் பார்த்தேன்னு போடுங்க அம்மணி. தெனமும் பார்த்தேனுங்க. பார்த்துட்டேதான் கம்பெனி வேன்ல ஏத்திவிட்டேன்.”