நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

பெரம்பலூர் நூலகத்தின் கோடை வாசிப்பு முகாமில் அன்று கடைசி விளையாட்டு. எழுத்தாளர் குருநாதனின் நாவலில் வரும் ஒருவரைப் பிள்ளைகள் பேசாமல் நடித்துக் காட்ட வேண்டும். அது யாரென்று குருநாதனே கண்டுபிடித்துச் சொல்வார். ஜெயிப்பவருக்குத் திருச்சி கோளரங்கப் பயணம்.

அந்த நாவலுக்காகக் கிடைத்த பதினோராவது சால்வையை மே மாத வெயிலிலும் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார் அவர். நூலகர் சகாயராணிக்கு அதைப் பார்க்கவே வியர்த்தது.

குன்னத்திலிருந்து பஸ் ஏறி வந்த முத்தமிழ் நடித்தாள். குனிந்து எதையோ எழுதினாள். எழுதியதைப் பணிவாக யாருக்கோ நீட்டினாள். பிறகு ஓரமாகப் போய் நின்று கைதட்டினாள்.

"இப்படி ஒரு ஆளே என் கதையில கெடையாது," என்றார் குருநாதன். "அட்டையை மட்டும் பாத்துட்டு வந்துருதுங்க. இந்தப் பொண்ணு பேரை அடிச்சுடும்மா."

சகாயராணி அடிக்கவில்லை.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல வருது சார்," என்றாள் முத்தமிழ், அழுகையை அடக்கிக்கொண்டு.

சகாயராணி அந்தப் பக்கத்தைப் பிரித்து அவரிடம் நீட்டினாள். ஊர்ப் பெரியவருக்கு மேடைப் பேச்சு எழுதிக் கொடுத்துவிட்டு, கூட்டத்தோடு நின்று அவருக்கே கைதட்டும் ஒரு பெண் அதில் இருந்தாள்.

படித்து முடித்தவர் மெல்லச் சால்வையைக் கழற்றினார்.

"இதை எப்பம்மா சேத்தே?" என்றார், குரலைத் தாழ்த்தி.

முத்தமிழின் பெயருக்கு நேராக முழு மதிப்பெண் போட்டபடியே சகாயராணி சொன்னாள்:

"முழுசாப் படிச்சுட்டேன், பிரமாதமா எழுதியிருக்கே, அச்சுக்குக் குடுத்துடுன்னு சொன்னீங்கள்ல சார்? அதுக்கு முன்னாடியேதான்."